யந்திரத்தின் கரமும் தரகனின் கரமும்

மீஞ்சூர் கடைவீதியில் தெருமுனைக் கூட்டம் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியை இறக்கிக் கொண்டிருந்தனர். அனல் மின் நிலையத்து இரவு ஷிப்டுக்குச் செல்லும் தோழர்கள் நின்றபடியே தேநீர் அருந்திக் கொண்டிருந்தனர். அப்போது ஒரு தோழர் அருகே வந்து, "அண்ணே, ஒரு சந்தேகம்" என்றார். துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி அவர். அரசியல் சந்தேகமாக இருக்கும் என்று எண்ணினேன். அல்ல.

"என் தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுண்ணே. வாரத்துக்கு மூணு வாட்டி டயாலிஸிஸ். எங்கம்மா, 'நான் ஒண்ணு தர்றேன்டா'ன்னு நிக்கிறாங்க. இப்ப என்னமோ ரோபோ வந்திருக்காம். அதுதான் வயித்துக்குள்ள பூந்து எடுக்குமாம். பெத்தவ வயித்துல மிஷினை வுடலாமாண்ணே? நம்பலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்துப் பெஞ்சியிலிருந்து ஒரு குரல்: "அட, நாலு ஓட்டைதானாம்பா! மூணாம் நாள் வூட்டுக்கு வந்துடலாமாம். காசு குடுக்கிறவன் இருந்தா, நானே ஒண்ணைக் குடுத்துட்டுக் கடனை அடைச்சிடுவேன்!"

எல்லோரும் சிரித்தனர். சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை.

தோழர்களே! அந்த இரண்டு குரல்களையும் சுமந்துகொண்டுதான் அன்றிரவு இரயிலேறினேன். ஒன்று பாசத்தின் குரல். மற்றொன்று கடனின் குரல். பெற்ற மகனுக்காக உறுப்பை ஈய முன்வரும் தாய் ஒருபுறம். வட்டிக்காரனுக்காக உறுப்பை விற்க எண்ணும் உழைப்பாளி மறுபுறம். அறுவை மேசையிலே இருவரும் ஒன்றுபோலத்தான் படுப்பார்கள். யந்திரத்துக்கு இருவரும் ஒன்றுதான். நமக்கு? நாட்டுக்கு? சட்டத்துக்கு?

இரண்டு கேள்விகளுக்கும் இங்கே விடை கூற முற்படுகிறேன்.

முதலில் அந்தத் தாயின் மகன் கேட்டதற்கு வருவோம். ரோபோ என்றதும், இரும்புத் தலையும் கண்ணாடிக் கண்ணுமாக ஒரு யந்திர மனிதன் கத்தியை ஏந்தி வருவதுபோல் எண்ணிக் கொள்கிறோம். அப்படியல்ல. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குச் சென்று பாருங்கள். வானளாவி நிற்கிறது கிரேன். கண்டெய்னரைக் கரும்புக் கட்டுபோலத் தூக்குகிறது. கிரேனா முடிவு செய்கிறது, எதைத் தூக்குவது, எங்கே இறக்குவது என்று? மேலே சிறு கூண்டுக்குள் அமர்ந்து விசையை அசைக்கிறானே நம் தோழன், அவன் கண்ணும் கையும் அல்லவா முடிவு செய்கின்றன! அறுவைக் கூடத்து ரோபோவும் அப்படியே. நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, ஒரு மேசை முன் அமர்ந்திருக்கிறார் டாக்டர். வயிற்றுக்குள் சென்ற காமிரா, உள்ளே உள்ளதைப் பல மடங்கு பெரிதாக்கிக் கண்முன் காட்டுகிறது. டாக்டர் விரலை அசைத்தால், உள்ளே இருக்கும் சிறு கருவி அசைகிறது; மணிக்கட்டுபோல் வளைகிறது, திரும்புகிறது. கையில் இயல்பாக உள்ள நடுக்கம்கூடக் கருவியின் முனைக்குப் போய்ச் சேராதபடி வடிகட்டப்படுகிறது. பக்கத்திலேயே இன்னொரு டாக்டரும், செவிலியரும், மயக்க மருந்து நிபுணரும் நிற்கின்றனர். யந்திரம் தானாக ஒரு நரம்பையும் அறுப்பதில்லை.

சிறுநீரகத்தை எடுப்பது எப்படி? வயிற்றிலே விரல் நுழையும் அளவுக்குச் சில துளைகள். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து, கருவிகள் நடமாட இடம் உண்டாக்குகிறார்கள். குடலை ஒதுக்கி, கொழுப்பை விலக்கி, சிறுநீரகத்தை மெல்ல விடுவிக்கிறார்கள். சிறுநீர் இறங்கும் குழாயை வெட்டுகிறார்கள். கடைசியில் இரத்தக் குழாய்களுக்குக் கவ்வி போட்டுத் துண்டிக்கிறார்கள். அந்தக் கணத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் கணக்கு! அடிவயிற்றில் சில அங்குல நீளத்துக்கு ஒரு கீறல். அதன் வழியே சிறுநீரகம் வெளியே வருகிறது. குளிர்ந்த திரவத்தால் கழுவப்பட்டு, காத்திருக்கும் மகனின் அடிவயிற்றில் பொருத்தப்படுகிறது. தாயிடம் எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகம், சில மாதங்களில், இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தானே செய்யக் கற்றுக் கொள்கிறது. இயற்கையின் ஓவர் டைம் என்று சொல்லுங்களேன்!

இந்த நிலைக்கு மருத்துவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1954 டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், டாக்டர் ஜோசப் மரே ஓர் இரட்டைச் சகோதரனின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1971இல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்த அற்புதம் நடந்தது. ஆனால் அந்நாட்களில் ஈந்தவர் பட்ட பாடு என்ன? விலாப்புறத்தில் முழ நீளக் கீறல். சில சமயம் விலா எலும்பில் ஒரு துண்டையே எடுக்க வேண்டிய நிலை. மாதக் கணக்கில் வலி. நோயற்றவர் அவர்! தமக்கென ஒரு பயனும் இல்லாமல் கத்திக்கு உடம்பைக் கொடுத்தவர்! அவருக்கா இத்தனை தண்டனை என்று எண்ணிய டாக்டர்கள், 1995இல் பால்டிமோர் நகரில், சிறு துளை வழியே சிறுநீரகத்தை எடுத்துக் காட்டினர். லேப்ராஸ்கோப்பி என்கிறோமே, அதுதான். 2000க்குப் பிறகு அந்தத் துளைக்குள் யந்திரக் கரம் நுழைந்தது. தமிழ்நாட்டு அரசும் 2022இல், சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துப் பன்னோக்கு மருத்துவமனையில், சுமார் 35 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோ அறுவை மையம் ஒன்றை அமைத்தது.

ஆகவே தோழரே, யந்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கற்பூரம் காட்டவும் வேண்டியதில்லை! சாமியைக் கும்பிடாதே என்று கூறிவிட்டு, யந்திரத்தைக் கும்பிடு என்றா கூறுவது? சிறுநீரகம் ஈவோருக்குக் கிடைக்கும் பலனில், கைதேர்ந்த டாக்டர் லேப்ராஸ்கோப்பியால் செய்வதற்கும் ரோபோவால் செய்வதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதே ஆய்வுகள் பலவும் காட்டும் உண்மை. ரோபோவுக்குச் செலவுதான் அதிகம். எந்த முறையானாலும் ஆபத்து அறவே இல்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 80,000க்கும் மேற்பட்ட ஈகையாளர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மூன்று பேர். குறைவுதான். ஆனால் அந்த மூவரும் நோயாளிகளல்ல. நோயாளியைக் காக்க வந்தவர்கள்! எனவே, "ரோபோ இருக்கிறதா?" என்று கேட்பதற்கு முன், "டாக்டர் ஐயா, இதுவரை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அம்மாவின் இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா? இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வருமா என்று பார்த்தீர்களா? பத்தாண்டு கழித்து அம்மாவைச் சோதிக்கப் போகிறவர் யார்?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல. உரிமை!

இனி இரண்டாவது குரலுக்கு வருகிறேன். "காசு கொடுத்தால் நானே கொடுத்துவிடுவேன்" என்ற அந்தக் குரலுக்கு.

புராணிகர்கள் ஒரு கதை சொல்வார்கள். புறாவைக் காப்பாற்றச் சிபிச் சக்கரவர்த்தி தன் தொடையை அறுத்துத் தராசில் வைத்தானாம். கதை கேட்டவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அந்தக் கதையிலே அறுத்தவன் அரசன். இன்று நம் கண்ணெதிரே நடப்பதோ கதையல்ல. இங்கே அறுபடுபவன் ஆண்டி! அந்தத் தராசைப் பிடித்திருப்பவனோ தேவன் அல்ல, தரகன்!

நம் சென்னையிலேயே வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்று பெயர் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? ஊருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? அங்கிருந்த ஏழைகளின் இடுப்பிலே இருந்த தழும்பால் வந்தது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பிறந்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்றது. மகிழ்ந்தோம். ஆனால் நடந்தது என்ன?

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கடற்கரைக் குடிசைகளைக் கொண்டுபோயிற்று. நம் வடசென்னை மீனவர் பலரை எர்ணாவூரில் தற்காலிகக் குடியிருப்புகளில் வைத்தார்கள். கடலை விட்டுத் தள்ளி வைத்தால் மீனவனுக்குத் தொழில் ஏது? தொழில் இல்லையேல் வருவாய் ஏது? வருவாய் இல்லாத வீட்டுக்கு முதலில் வருபவன் யார்? கடன் கொடுப்பவன்! அவன் பின்னாலேயே வந்தான் சிறுநீரகத் தரகன். 2007 ஜனவரியில் செய்தி வெடித்தது: எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பிலே பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றுவிட்டார்கள்! பேசிய தொகை ஒன்று; கைக்கு வந்த தொகை வேறொன்று. அலை குடிசையைத்தான் கொண்டுபோயிற்று. கடனோ உடம்பின் உள்ளே புகுந்து எடுத்துப் போயிற்று!

பழங்கதை என்கிறீர்களா? 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து செய்தி வந்ததே! விசைத்தறித் தொழிலாளர்கள், கடன் சுமை தாளாமல், சிறுநீரகத்தை விற்ற செய்தி. அரசு விசாரணை நடத்தியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமம் நிறுத்தப்பட்டது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது. மீனவர், நெசவாளர், கூலிக்காரர் என்று தொழில் மாறுகிறது, ஊர் மாறுகிறது, ஆண்டு மாறுகிறது. மாறாதது ஒன்றே ஒன்று. கடன்!

"விற்றாலும் கடன் அடைகிறதே, அண்ணே!" என்று பெஞ்சித் தோழர் கேட்கலாம். அடைகிறதா? சென்னையிலே சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் நேரில் கண்டு பேசி, மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2002இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. விற்ற பிறகும் நான்கில் மூன்று பேர் கடனாளிகளாகவே இருந்தனர்! குடும்ப வருமானம் ஏறியதா? மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! உடல்நலம் கெட்டுவிட்டது என்றோர் நூற்றுக்கு 86 பேர். "மற்றவர்களுக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா?" என்று கேட்டபோது, "சொல்ல மாட்டோம்" என்றோர் 79 பேர். தோழரே, இதைவிடப் பெரிய தீர்ப்பு எந்த நீதிமன்றத்தில் கிடைக்கும்? சிறுநீரகம் போயிற்று, கடன் நின்றது. மூட்டை தூக்கும் வலு போயிற்று, வட்டி வளர்ந்தது. மண்ணை விற்றவன் மறுபடி வாங்கலாம், மாட்டை விற்றவன் மறுபடி வாங்கலாம், இதை விற்றவன்?

சில பொருளாதார மேதைகள் புறப்பட்டிருக்கிறார்கள். "விற்பனையைச் சட்டமாக்கி விடுங்கள், தரகன் ஒழிவான், ஈரான் நாட்டில் அரசே ஏற்பாடு செய்து பணம் கொடுக்கிறதே" என்கிறார்கள். மேதைகளே! எந்த ஆலை அதிபராவது சிறுநீரகம் விற்க வரிசையில் நின்றதுண்டா? எந்த வங்கி முதலாளியின் மகனாவது நின்றதுண்டா? வாங்குபவன் எவனோ, விற்பவன் மட்டும் என்றும் ஏழை என்றால், அதற்குப் பெயர் சந்தையா, சுரண்டலா? அடமானம் வைக்க நகை இல்லாதவனிடம், "உன் உடம்பு இருக்கிறதே" என்று சொல்ல வட்டிக்காரனுக்குச் சட்டமே துணை நிற்பதா?

இங்கேதான், தோழர்களே, ரோபோவைப்பற்றி நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் வருகிறது. பழைய அறுவையின் முழ நீளத் தழும்பு கொடியதுதான். ஆனால் அது ஒரு காவற்காரனாகவும் நின்றது! "ஐயோ, இடுப்பைப் பிளப்பார்களாம்" என்ற அச்சம், தரகன் விரித்த வலையிலிருந்து சிலரையேனும் தடுத்து நிறுத்தியது. இன்று அந்தக் காவற்காரனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது விஞ்ஞானம். தரகன் இனி என்ன சொல்வான்? "நாலு ஓட்டை; மூன்று நாள்; கோடி ரூபாய் மிஷின்; கொசு கடித்ததுபோல!" என்பான். தாயின் வலியைக் குறைக்க விஞ்ஞானி கண்ட கருவியை, தரகன் தன் கடைக்குப் பெயர்ப் பலகையாக்கிக் கொள்வான். யந்திரத்தின் மேல் குற்றமில்லை. கத்தி காய் நறுக்கவும் செய்யும், கழுத்தை அறுக்கவும் செய்யும். அதனால்தான் சொல்கிறேன்: காயம் சிறிதாகச் சிறிதாக, காவல் பெரிதாக வேண்டும்!

அந்தக் காவல் இன்று எப்படி இருக்கிறது? சட்டப்படி, தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தார், கணவன், மனைவி ஈயலாம். 2011 திருத்தத்தால் பாட்டன் பாட்டி, பேரன் பேத்தியும் சேர்ந்தனர். உறவல்லாதவர் பாசத்தால் தருகிறேன் என்றால், அனுமதிக் குழுவின் முன் நின்று மெய்ப்பிக்க வேண்டும். உறுப்பு வணிகத்துக்கு ஐந்தாண்டு முதல் பத்தாண்டு வரை சிறை. 20 இலட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். சட்டத்திலே கடுமை இருக்கிறது. ஆனால் தரகனும் சட்டம் படிக்கிறான்! முன்பின் அறியாதவரை "அண்ணி" ஆக்குகிறான். ஓட்டாண்டியைப் பணக்காரருக்கு "உயிர் நண்பன்" ஆக்குகிறான். குழுவின் முன் வருபவனிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "உனக்கு இவர் என்ன உறவு?" என்பது மட்டுமல்ல, "உனக்குக் கடன் எவ்வளவு?" என்பதும்கூட!

உறவுக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. மறைக்கக் கூடாது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு உயிருடன் உறுப்பு ஈந்தவர்களில் ஆண்கள் 5,651; பெண்கள் 9,784. ஏன்? தாயின் தியாகம் என்று மேடையிலே பேசிக் கைதட்டல் வாங்குவது எளிது. "அவன் சம்பாதிக்கிறவன், நீ வீட்டில்தானே இருக்கிறாய், நீ கொடு" என்று மாமியாரும் மைத்துனரும் கூடிப் பேசி ஒரு பெண்ணை மேசைக்கு அனுப்பினால், அது தியாகமா? பெண் விடுதலை பேசும் நாம், இந்தக் கேள்வியை நம் வீட்டு வாசற்படிக்கு உள்ளேயும் கேட்க வேண்டாமா?

அப்படியானால் வேண்டுவன யாவை?

முதலாவது, ஈவோருக்கு நலம் பயக்கும் நல்ல அறுவை முறை, ரோபோவோ லேப்ராஸ்கோப்பியோ, தனியார் மாளிகைகளின் அணிகலனாக நின்றுவிடக் கூடாது. நம் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வடசென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் அழைக்கிறார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தில் வேர்விட்ட மருத்துவமனை அது. பசித்தவனுக்குக் கஞ்சி வார்த்த இடத்திலே, பாசத்தால் ஈபவளுக்கு மிகச் சிறந்த அறுவையும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, கூலி. உறுப்பு ஈயும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு என்று 2023இல் ஆணை பிறந்தது. வரவேற்போம். ஆனால் எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் ஒப்பந்தக்காரனிடம் நாட்கூலி பெறும் தோழனுக்கு? அவன் மனைவிக்கு? சிறுநீரகம் ஈந்தவர் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். தூக்காவிட்டால் அடுப்பு எரியாது என்கிறது வீடு. அந்த நாட்களுக்கான கூலியை அரசும் நிறுவனமும் தர வேண்டும். அது விலையல்ல, ஈகைக்கு நாம் செலுத்தும் மரியாதை.

மூன்றாவது, ஈந்தவரை மறவாமை. பெற்றவருக்கு ஆயுள் முழுதும் மருந்து, பரிசோதனை. ஈந்தவருக்கோ தையல் பிரித்ததும் விடை கொடுத்து விடுகிறார்கள்! ஆண்டுக்கொரு முறை இரத்தக் கொதிப்பும் சிறுநீரும் சோதிக்க, அவர்களுக்கென ஒரு பதிவேடு வேண்டும்.

நான்காவது, இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. உயிரோடிருப்பவரை அறுக்கும் தேவையையே குறைப்பது. 2008இல், விபத்தில் மூளைச்சாவு அடைந்த இளைஞன் ஹிதேந்திரனின் பெற்றோர், அழுத கண்ணோடு அவன் உறுப்புகளை ஈந்தார்கள். தமிழகமே நிமிர்ந்து பார்த்தது. 2023இல், உறுப்பு ஈந்து மறைவோருக்கு அரசு மரியாதையுடன் இறுதி வணக்கம் என்று அறிவிக்கப்பட்டது. 2024இல், மறைந்த 268 பேரின் குடும்பங்கள் அப்படி ஈந்தன. மண்ணுக்குப் போவது மனிதனுக்குப் போகட்டும்! சொர்க்கத்துக்குப் போகும்போது சிறுநீரகம் குறையுமோ என்று அஞ்சுபவர்களுக்குப் பகுத்தறிவுப் பாடம் நடத்த நம்மைவிடத் தகுதியானவர் யார்?

அந்த இரவுத் தேநீர்க் கடைக்குத் திரும்புகிறேன். முதல் தோழருக்கு என் விடை: யந்திரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அம்மாவைத் தனியே உட்கார வைத்து, "உனக்கு மனப்பூர்வமான சம்மதமா?" என்று ஒருமுறை கேளுங்கள். சம்மதம் என்றால், உடல் இடம் கொடுத்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், காப்பீட்டு அட்டையை மறவாதீர்கள், கேள்விகளைக் கேளுங்கள், அதன் பிறகு, நம்புங்கள்.

இரண்டாமவருக்கு என் விடை: உமக்கு நான் சொல்வது ஆறுதலல்ல. உம்முடைய கடன் உம் சிறுநீரகத்தால் தீராது. தீரவில்லை என்பதற்கு 305 பேர் சாட்சி. கந்துவட்டியை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. தனியே போனால் கதவு திறக்காது என்று அஞ்சினால், சங்கத்தை அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போம்.

கழகத் தோழர்களே! உங்கள் தெருவில் புதிதாக ஒருவன் வந்து, கடனுக்குத் தவிப்பவர் வீடாகப் பார்த்து நுழைந்து, "இரத்தம் என்ன குரூப்?" என்று கேட்டால், அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவன் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், நாலு பேரைக் கூட்டுங்கள். எர்ணாவூரில் நாலு பேர் கூடியிருந்தால், எத்தனை தாய்மார்கள் முழு உடம்போடு இருந்திருப்பார்கள்!

யந்திரத்தின் கரம் நடுங்காது. தரகனின் கரமும் நடுங்குவதில்லை. நடுவிலே நிற்கும் நம் கரம் நடுங்கலாமா?